சேவல் பார்த்த பக்கம்

வாங்க சார், வாங்க. அந்தக் கல்லுல காலை வச்சிராதீங்க, அது ஆடும். அம்மா, நீங்க இந்தப் பக்கமா வாங்க. அந்தக் கட்டடத்து மேல நிக்கிற இரும்புச் சேவலைப் போட்டோ எடுத்தாச்சா? இந்த முக்குல வண்டிய நிறுத்துற எல்லாரும் முதல்ல அதைத்தான் எடுப்பாங்க. பசி அப்புறந்தான் தெரியும். உக்காருங்க. ஐயையோ, அங்க இல்ல சார், அது பின் பெஞ்சு. இந்த முன் பெஞ்சுல இருங்க, ரோட்டைப் பாத்தாப்புல. டிரைவர் தம்பி எங்க? வண்டியிலயே இருக்காரா? கூப்பிடுங்க, கூப்பிடுங்க. உங்க வண்டிய யாரும் தூக்கிட்டுப் போயிர மாட்டான். மூணு பேரு உக்காந்தாத்தான் இந்த பெஞ்சு நிறையும்.

ஆங், வந்துட்டாரு மகராசன். தள்ளி உக்காருங்க தம்பி. இனிமே ஒருத்தரும் எந்திரிச்சிராதீங்க, இலை போட்டுட்டேன்.

என்ன சார், மேல ஏறிப் பாத்தியளாமே, சேவல் நல்லாயிருக்கா, துருப்பிடிச்சுக் கெட்டியாயிட்டான்னு? சொல்லாதீங்க, இப்பச் சொல்லாதீங்க. முதல்ல சாப்பிடுங்க. சோறு சூடா இருக்கு. சாம்பாரும் சூடாத்தான் இருக்கு. அதுல கொஞ்சம் உப்புக் கூட இருந்தா நான் போட்டதுன்னு நெனைக்காதீங்க. சுத்தியும் உப்பளம், மேற்கேயிருந்து மேகாத்து வேற அடிக்கு. குழம்பைத் திறந்து வச்சாலே உப்பு வந்து விழுந்துருது. நானா ஒரு கல்லுகூடப் போடலை, சத்தியமா.

எப்பவோ ஒரு தடவை இங்க சாப்பிட்டியளா? அப்படியா! என்ன சாப்பிட்டிய? சாளைமீன் குழம்பா? அந்த ருசி இன்னும் நாக்குல நிக்குதா? சந்தோசம் சார். எந்த மாசம் வந்திய? ஆடியா? சரியாப் போச்சு. ஆடியில சேவல் இந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்துருக்கும். அதான் அந்த ருசி.

முழிக்காதீங்க, சொல்லுதேன். அந்த இரும்புச் சேவல் சாதாரணச் சேவல் கிடையாது. அது நிக்கிற கட்டடம் வெள்ளைக்காரன் பஞ்சு அடைச்சு வைக்கக் கட்டின குடோனு, நாங்க கிட்டங்கின்னு சொல்லுவோம். பஞ்சும் போச்சு, வெள்ளைக்காரனும் போயிட்டான், மேல இருந்த ஓடுகளையெல்லாம் எவன் எவனோ கழட்டிக்கிட்டுப் போயிட்டான். சேவல் மட்டும் நிக்கி. காத்து எங்கிருந்து வருதோ அங்க மூக்கை நீட்டிக்கிட்டு நிக்கும். உங்களுக்கு நான் சொல்லணுமா? ஊர் ஊராப் போயி இந்த மாதிரி காத்துகாட்டியைத்தான் பாக்கேன்னு சொல்லுதிய. இப்படியும் ஒரு சோலியா மனுசனுக்குன்னு மனசுக்குள்ள நெனச்சேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க.

இந்த ரோட்டுல உப்பு லோடு ஓட்டுதானுவள்லா, அந்த டிரைவர்மாருக்குள்ள ஒரு வழக்கம். சேவல் எந்தப் பக்கம் பாக்கோ, அந்தப் பக்கத்துக் கடையிலதான் கை நனைக்கணும். மேற்கே பாத்தா என் கடை. கிழக்கே பாத்தா அந்தா எதுத்தாப்புல தெரியுது பாருங்க, லாரியா நிக்குதே, அது. என் மச்சினன் பவுன்ராஜ் கடை. மாத்திச் சாப்பிட்டா டயர் வெடிக்கும், ஆக்சில் ஒடியும்னு ஒரு பயம் அவனுவளுக்கு. மேகாத்து காலம் பூராவும் கூட்டம் என் பக்கம். ஐப்பசி பொறந்து வடகிழக்கு வாடைக்காத்து கிளம்பிட்டா சேவல் அந்தப் பக்கம் திரும்பும், கூட்டமும் அந்தப் பக்கம் போயிரும். தை கடைசியில இங்க வந்துரும்.

அதுவும் நமக்கு ஒரு வகையில சௌகரியந்தான். எப்படியும் ஐப்பசியில என் வீட்டுக்காரி இங்க இருக்க மாட்டா. அன்னபுஷ்பம்னு பேரு. பவுன்ராஜ் அவ கூடப்பொறந்த தம்பி. அவன் பொண்டாட்டிக்கு வாடைக்காத்து பட்டுட்டா மூச்சு இழுப்பு வந்துரும், அடுப்புகிட்ட நிக்க முடியாது. பாவம்னு இவ போயி அந்தச் சமையலைப் பாத்துக்கிடுவா. தை முடிஞ்சதும் கரண்டியோட இங்க வந்துருவா. அவ வர, சேவல் திரும்ப, கூட்டம் திரும்ப, எல்லாம் ஒண்ணாச் சேந்து வரும். வருசந்தவறாம இப்படித்தான். என்ன ஒரு அதிசயம் பாத்தியளா சார், ஒரு இரும்புத் தகடு சொன்னா இத்தனை சனம் கேக்கு!

ஏன் சிரிக்கிய? அம்மாவும் சிரிக்காவ. சரி, சிரிச்சுக்கிட்டே சாப்பிடுங்க. சாப்பிடுறதை மட்டும் நிறுத்திராதீங்க.

இதுல இன்னொண்ணு இருக்கு. எங்க அப்பா இந்தக் கடையை நடத்தின காலத்துலயும் சேவல் அங்கதான் நின்னுது. ஒரு பயலும் அதைச் சட்டை பண்ணலை. எங்க அப்பா சாம்பார் வச்சுட்டு ரோட்டைப் பாத்துக்கிட்டே இருப்பாரு, சாயங்காலம் அதை மாட்டுக்கு ஊத்துவாரு, மாடும் யோசிச்சுத்தான் குடிக்கும். எனக்குக் கல்யாணமான வருசந்தான் சேவலுக்கு அருள் வந்துது. புஷ்பம் வீட்டுக்கு வந்து வெளக்கேத்தின நேரம்னு எங்க அம்மா சொல்லிக்கிட்டே இருப்பா. வெளக்குக்கும் சேவலுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

அம்மா, அப்பளம் வைக்கட்டா? ஓரத்துல கறுத்துருக்கும், அதைக் கிள்ளிப் போட்டுருங்க. நடுவுல நல்லாயிருக்கும்.

இந்த ஆனி மாசம் என்னாச்சுன்னா, ஒரு மத்தியானம். கடையில நிக்க இடமில்லை. இந்த முன் பெஞ்சு நிறைய ஆளு. ஒரு டிரைவர் மீன் குழம்பை வழிச்சு நக்கிட்டுச் சொல்லுதான், "அக்கா, இந்தக் கைக்குத் தங்க வளையல் செஞ்சு போடணும்." புஷ்பத்துக்கு முகமெல்லாம் பூரிச்சுப் போச்சு. எனக்கு சுருக்குன்னுது. சேவலுக்கு எண்ணெய் போடுறது யாரு? நான். ஏணி வச்சு ஏறி இடுப்பு பிடிச்சுக்கிட்டுக் கெடந்தது யாரு? நான். பேரு மட்டும் அவளுக்கா? கல்லாவுல இருந்துக்கிட்டே நானும் சத்தமாச் சொன்னேன்: "வளையலைக் கொண்டுபோயி சேவல் கால்ல போடும்யா. அது மட்டும் மூக்கை இந்தப் பக்கம் நீட்டலன்னா, இவ பொங்குன சோத்தை நாய்கூட மோந்து பாக்காது."

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். எல்லாரும் சிரிப்பான்னு பாத்தேன். ஒருத்தனும் சிரிக்கலை. அந்த டிரைவர் இலையைப் பாத்துக்கிட்டே இருக்கான். புஷ்பம் கரண்டியை வச்சா. கையைத் துடைச்சா. ரெண்டு பக்கமும் வண்டி வருதான்னு பாத்தா. ரோட்டைக் கடந்து தம்பி கடைக்குள்ள போயிட்டா.

சாயங்காலம் வந்துருவான்னு நெனச்சேன். வரலை. மறுநாள் பவுன்ராஜ் வந்து நிக்கான். "அத்தான், அக்கா ஒண்ணு சொல்லிவிட்டுருக்கு"ங்கான். என்னடான்னேன். "முன் பெஞ்சு நிறைய ஆளு இருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதுதானே உங்க அத்தான் அப்படிச் சொன்னாரு? அதே பெஞ்சு நிறைய ஆளு இருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது, சொன்னது தப்பு, கூட்டம் உன் கைக்குத்தான் வருதுன்னு சத்தமாச் சொல்லணும். இங்க இருக்கிற எனக்குக் கேக்கணும். கேட்டா வாரேன்"னு சொன்னாளாம்.

போடா, நான் ஏன் சொல்லணும்? சேவல் என் பக்கம் நிக்கையில எனக்கு என்ன பயம்? அவ இல்லன்னா கடை ஓடாதா? நானே அடுப்பைப் பத்த வச்சேன். நானே சாம்பார் வச்சேன். நம்ம அப்பா கைப்பக்குவம் அப்படியே வந்துட்டு.

சேவல் மேற்கே பாத்துக்கிட்டு நிக்கி சார். அச்சு அசலா என் கடையைப் பாத்துக்கிட்டு நிக்கி. லாரியெல்லாம் கிழக்கே ஒதுங்குது! கலி முத்திப் போச்சுன்னு சொல்லுவாங்களே, அதை நான் கண்ணால பாத்தேன். ரோட்டுல நின்னு கையைக் காட்டி ஒரு லாரியை மறிச்சேன். "ஏய், மேல பாருடா, சேவல் எந்தப் பக்கம் பாக்கு?"ன்னு கேட்டேன். அந்தப் பய என்ன சொல்லுதான் தெரியுமா? "அண்ணாச்சி, சேவல் உங்க கடையைத்தான் பாக்கு. பாத்துட்டு அதுவும் சாப்பிட வரலியே"ங்கான். ஆக்சில் ஒடியும்டான்னேன். "ஒடிஞ்சாலும் பரவாயில்லை"ன்னுட்டுப் போறான்.

அப்பதான் எனக்குச் சந்தேகம் வந்துது, சேவல்ல ஏதோ கோளாறு. ஒருவேளை இத்தனை வருசமா நாமதான் மூக்கையும் வாலையும் மாத்திப் பாத்துட்டோமோ? ஏறி வாலை மேற்கே திருப்பிக் கயித்தால கட்டினேன். ஒருத்தனும் வரலை. கயித்தை அவுத்துட்டேன். சிவப்புத் துணி கட்டினேன். கிடாரங்கா மாலை போட்டேன். கடைசியில, அது என்ன பெரிய சேவல்னு, எண்ணெய் டின்னை வெட்டி நானே ஒரு சேவல் செஞ்சு நம்ம கூரையில வச்சேன், மூக்கு நேரா வாசலைப் பாத்தாப்புல. அன்னைக்கு ஒருத்தன் வந்தான் சார். ஆசையா வந்தான். "வாத்துக் கறி இருக்கா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டான்.

தம்பி, என்ன கையை இலையில வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கிய? பிடிக்கலியா? ரசம் ஊத்தட்டா? ரசமும் அதே புளிதான், கொஞ்சம் தூக்கலா இருக்கும்.

வீடு வெறிச்சுன்னு கெடக்கு சார். உங்ககிட்டச் சொல்லுறதுக்கு என்ன. காலையில எந்திரிச்சதும், "புஷ்பம், காப்பி"ன்னு வாயில வந்துருது. அப்புறம் நானே வெட்கப்பட்டுக்கிட்டுப் போயி அடுப்பைப் பத்த வைக்கேன். பேச ஆளில்லாம அந்தச் சேவல்கிட்ட பேச ஆரம்பிச்சுட்டேன்னா பாத்துக்கிடுங்க.

மத்தியானம் மட்டும் பவுன்ராஜ் ஒரு தூக்குவாளியைக் கொண்டாந்து அந்தச் சுவர்ல வச்சுட்டுப் போவான். சோறும் மீன் குழம்பும் இருக்கும். நான் திங்கறதுக்கு இல்ல, எதிர்க்கடையில என்ன சமைக்கான்னு ஆராய்ச்சி பண்ணணும்லா. கடைசிப் பருக்கை வரைக்கும் ஆராய்ச்சி பண்ணிட்டு வாளியைக் கழுவி வச்சிருவேன். என் சாம்பாரையா? நான் திங்கறதில்லை. கடைக்காரன் விக்கிற பண்டத்தை அவனே தின்னா கட்டுபடியாகுமா?

பொய் சொல்லப்படாது, ஒருநாள் மனசு கேக்கலை. சொல்லித் தொலைச்சுருவோம்னு ஆயிட்டு. ஆனா சொல்லணும்னா பெஞ்சு நிறைய ஆளு வேணும்லா? ஆளு எங்க இருக்கு? அவ வந்தாத்தான் ஆளு வரும், ஆளு வந்தாத்தான் அவ வருவா. எப்பேர்ப்பட்ட சிக்கல்ல கொண்டுவந்து விட்டுருக்கா பாருங்க! ரெண்டு பேரு வருவான், மூணாவது இடம் காலியாக் கெடக்கும். தபால்காரரைப் பிடிச்சு உக்கார வச்சேன். சாம்பாரைத் தொட்டு நாக்குல வச்சாரு, பக்கத்து ஊருக்கு அவசரத் தபால் ஒண்ணு இருக்குன்னு சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. இன்னொரு நாள் மூணு பேரு வந்தாங்க. ஆகா, தெய்வம் கண்ணைத் திறந்துட்டுன்னு ரோட்டு ஓரத்துக்கு ஓடி, "புஷ்பம்"னு வாயைத் திறக்கேன், அதுல ஒருத்தன் சஷ்டி விரதமாம். பச்சைத் தண்ணி பல்லுல படலை. அவ அங்கிருந்தே கையை விரிச்சுட்டு உள்ள போயிட்டா. பெஞ்சுல இருந்தா மட்டும் போதாது, சாப்பிடணும். அவ கணக்குல ரொம்பக் கறார்.

இன்னைக்கு நீங்க மூணு பேரும் வந்து இறங்குறியள்லா, அதான் ஓடியாந்து இலை போட்டேன். விரதம் ஒண்ணும் இல்லியே? இல்லியே? அப்பாடா.

ஆனா சார், ஒரு விஷயம். தப்பே பண்ணாதவன் தப்புன்னு எப்படிச் சொல்லுறது? சேவல் கெட்டுப் போயிருந்தா, கூட்டம் அந்தப் பக்கம் போனதுக்குச் சேவல்தான் காரணம். நான் சொன்னது சரின்னு ஆயிரும்லா? அதான் உங்களை நம்பிக்கிட்டு இருக்கேன். இதையே படிச்ச மனுசன் நீங்க. இப்பச் சொல்லுங்க. மனசைக் கல்லாக்கிட்டேன். சேவல் எப்படி இருக்கு?

என்னது? நல்லா இருக்கா? துருவே இல்லியா? சுண்டினா சுத்துதா? இந்த ரோட்டுல நீங்க பாத்ததுலயே இதுதான் ஒழுங்கா வேலை செய்யுற சேவலா? எண்ணெய் போட்டவன் கைக்கு... வேண்டாம் சார், கை பேச்சை எடுக்காதீங்க.

அப்ப அது சரியாத்தான் இருக்கு. சரியாத்தான் இருந்துருக்கு. அப்போ கூட்டம்...

கொஞ்சம் இருங்க. தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

அந்தா வெளிய வந்துட்டா. பாத்தியளா? பவுன்ராஜ் கடை வாசல்ல, பச்சைச் சேலை, இடுப்புல கையை வச்சுக்கிட்டு நிக்கா. பெஞ்சு நிறைஞ்சுருக்குன்னு பாத்துட்டா. இங்கதான் பாக்கா. எல்லாரும் சாப்பிடுங்க, நல்லா கையை அசைச்சுச் சாப்பிடுங்க, அங்கிருந்து பாத்தாத் தெரியணும்.

புஷ்பம்! ஏ புஷ்பம்! கேக்கா? கூட்டம் வந்தது பாதி சேவலால, பாதி உன் கையால!

தலையை ஆட்டுதா. இல்லங்கா. பாதி பாதின்னா பெரிய மனசு பண்ணிச் சொல்லுறதில்லையா சார்?

சரி, முக்கால்! புஷ்பம், முக்கால்வாசி நீ, கால்வாசி சேவல்! இதுக்கு மேல முடியாது, ஆமா!

போறா. திரும்பிட்டா. ஐயோ, உள்ள போறா சார். பேரம் படியலைன்னதும் காய்கறிக் கடையில போவாளே, அதே நடை. திரும்பிப் பாக்க மாட்டா. எனக்குத் தெரியும், அவ திரும்பிப் பாக்க மாட்டா.

புஷ்பம்! நில்லு! போகாத! நான் சொன்னது தப்பு! முழுத் தப்பு! சேவலும் இல்ல, காத்தும் இல்ல, கழுதையும் இல்ல! கூட்டம் உன் கைக்குத்தான் வந்துது! நீ எங்க நின்னியோ அங்க வந்துது! இத்தனை வருசமா உன் பின்னாலதான் வந்துருக்கு, இந்தக் கூமுட்டைக்குத்தான் புரியலை! அந்தக் கைக்கு நான் வளையல் செஞ்சு போட்டுருக்கணும், எவனோ சொன்னான், நான் சொல்லலை! எனக்கு இங்க ஒண்ணும் ஓட மாட்டேங்கு, புஷ்பம்! வீட்டுக்கு வா!

நின்னுட்டா. திரும்புதா.

என்ன காட்டுதா? விரலை நீட்டி என்னமோ காட்டுதா. பெஞ்சையா? ஒண்ணு, ரெண்டு... தம்பி! டிரைவர் தம்பி! நீங்க சாப்பிடலியா? இலையை மூடிட்டியளா? அட பாவி மனுசா, அதைத்தான் காட்டுதா! பெஞ்சு நிறைஞ்சாலும் சாப்பாடு நடக்கலைங்கா. திறங்க, இலையைத் திறங்க. எனக்குத் தெரியும் தம்பி, எனக்குத் தெரியாதா, அது வாயில வைக்க விளங்காது. உப்பு நான் போட்டதுதான், ரெண்டு தடவை போட்டேன், முதல் தடவை போட்டது மறந்துட்டு. காத்துமில்லை கடலுமில்லை. ஒரே ஒரு வாய். உங்க பிள்ளைகுட்டியெல்லாம் நல்லாயிருக்கும். கண்ணை மூடிக்கிடுங்க, மூக்கைப் பிடிச்சுக்கிடுங்க, ஒரு வாய் வச்சிருங்க. அம்மா, நீங்க சொல்லுங்க அவருகிட்ட.

வச்சுட்டாரு! முழுங்கிட்டாரு! புஷ்பம், பாத்துக்க, முழுங்கிட்டாரு! தண்ணி குடிங்க தம்பி, தண்ணி குடிங்க, நீங்க நல்லாயிருக்கணும்.

சிரிக்கா சார். முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்கா. கிளம்பிட்டா, என்னத்தையோ கையில எடுத்துக்கிட்டு வாரா. குழம்புச் சட்டி மாதிரி இருக்கு. ஏ புஷ்பம், லாரி வருது, நில்லு! அங்கயே நில்லு, அவசரப்படாத! நான் வாரேன்!

சார், இந்தக் கரண்டியைக் கொஞ்சம் பிடிங்க. அந்தச் சாம்பாரைக் கொண்டுபோயி பின்னால கொட்டிருங்க, மாட்டுக்கு வேண்டாம். நான் போயி அவளைக் கூட்டிட்டு வாரேன்.